சிறு தொழில்களும் சமூக ஊடக விளம்பரமும்

(சிறு தொழில் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நல்ல சரக்குக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது இந்தியச் சந்தைகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த நம்பிக்கையாகும். வாரச் சந்தையில் பானை விற்ற குயவரை வாங்குவோர் அறிவர். அவர் வீட்டையும் அறிவர். பானை கசிந்தால் அடுத்த வாரம் அவரிடமே வந்து கேட்கலாம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தொலைவு இல்லாத அந்தச் சூழலில், விற்பவரின் பெயரே விளம்பரமாக அமைந்தது. தண்டோராவும் துண்டறிக்கையும் திருவிழாக் கடைகளும் அதற்குத் துணை செய்தன.

போக்குவரத்தும் நகரங்களும் வளர வளரச் சந்தை விரிந்தது. ஆனால் விரிந்த சந்தையில் பேசும் ஆற்றல் பெருந்தொழில்களுக்கே வாய்த்தது. 1967-ஆம் ஆண்டு நவம்பரில் விவித பாரதியில் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1976-இல் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் இடம்பெற்றன. சோப்பும் தேயிலையும் மருந்தும் இவ்வாறு கிராமங்களை எட்டின. கிராமத்தில் உற்பத்தியான பொருளோ இந்த வழியில் நகரத்தை எட்டவில்லை. நாடு தழுவிய விளம்பரத்துக்குரிய கட்டணம் ஒரு நெசவாளரோ பொம்மை செய்பவரோ எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. கிராமத் தொழில்கள், சிறு தொழில்கள் பற்றி 1955-இல் ஆராய்ந்த கார்வே குழு, சிறு உற்பத்தியாளருக்குக் கூட்டுறவு அமைப்பின் துணை தேவை என்று வலியுறுத்தியதற்கு, அவர் தனியே சந்தையை எதிர்கொள்ள இயலாமையும் ஒரு காரணமாகும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்நிலை மாறியுள்ளது. கையில் ஒரு கைபேசி உள்ள எவரும் தம் பொருளின் படத்தையும் விலையையும் எந்த ஊரிலுள்ளவருக்கும் காட்ட இயலும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற சமூக ஊடகங்கள் அதற்குக் களமாயின. சிறு வணிகர்களுக்கென வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜனவரியில் தனிச் செயலியை வெளியிட்டது. 2016-இல் தொடங்கிய யூபிஐ முறை, தொலைவிலிருந்து பணம் பெறும் இடையூற்றைப் பெருமளவு நீக்கிற்று. வரலாற்றில் முதன்முறையாக, விளம்பரம் சிறு தொழிலாளியின் கைக்கு எட்டியுள்ளது. எனினும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுகிறதா என்பதே ஆராயத்தக்க வினா. பார்வையாளர் பெருகுவதால் வாடிக்கையாளர் பெருகுகின்றனரா? பெருகினாலும் அதன் பயன் உற்பத்தியாளருக்குச் சேர்கிறதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணாமல் ‘டிஜிட்டல் விளம்பரம்’ என்ற சொல்லை மட்டும் பரப்புவது வளர்ச்சிப் பணி ஆகாது.

விளம்பரத்தின் பொருளாதாரப் பணி

விளம்பரம் வீண் செலவு என்றும், தேவையற்ற ஆசையைத் தூண்டும் கருவி என்றும் கருதும் பொருளாதார அறிஞர் பலர் இருந்தனர். 1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்கு மாற்றான ஒரு பார்வையைத் தந்தது. எந்தப் பொருள் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தேடுவதற்கே நுகர்வோர் காலமும் பணமும் செலவிடுகின்றனர். விளம்பரம் அச்செலவைக் குறைக்கிறது என்பது அதன் சாரம். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் மற்றோர் உண்மையை விளக்கினார். பொருளின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்து வாங்குபவர் அறியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் மட்டமான பொருளுக்கும் ஒரே விலை கிடைக்கும்; அவ்விலை கட்டுபடியாகாமல் நல்ல பொருள் சந்தையை விட்டே விலகும். இந்த ஆய்வு வழிக்காக 2001-இல் அவர் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிறு உற்பத்தியாளரின் விளம்பரம் செய்ய வேண்டிய பணிகள் இவற்றிலிருந்து தெளிவாகின்றன. பொருள் இருப்பதை அறிவிப்பது முதற்பணி. அதன் தரத்தை மெய்ப்பிப்பது இரண்டாவது. சொன்ன சொல் தவறாதவர் என்ற நம்பிக்கையை விற்பவர் மீது உண்டாக்குவது மூன்றாவது. முதற்பணியைச் சமூக ஊடகம் மிக மலிவாகச் செய்கிறது. பிற்கூறிய இரண்டையும் அது தானாகச் செய்வதில்லை. பயன்படுத்துவோரின் அறிவையும் நேர்மையையும் பொறுத்தே அவை நிறைவேறுகின்றன. கைத்தறியை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும்.

போச்சம்பள்ளி காட்டும் பாடம்

2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டுள்ளோர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். இத்தொழிலின் புகழ்பெற்ற மையங்களுள் ஒன்று தெலங்கானாவின் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்திலுள்ள பூதான் போச்சம்பள்ளி. 1951 ஏப்ரலில் வினோபா பாவேக்கு முதல் நிலக்கொடை கிடைத்த ஊர் இதுவே. இங்கு நெய்யப்படும் இக்கத் சேலை, புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபின் தொடக்கத்திலேயே அக்குறியீட்டைப் பெற்ற பொருள்களுள் ஒன்றாகும்.

இக்கத்தின் தனிச்சிறப்பு, துணியில் வண்ணம் ஏற்றாமல் நெய்வதற்கு முன்பே நூலில் வண்ணம் ஏற்றுவதாகும். வடிவத்தைக் கணக்கிட்டு, நூற்கற்றைகளைக் குறித்த இடங்களில் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, மீண்டும் வேறிடத்தில் கட்டி, வேறு சாயத்தில் தோய்க்கின்றனர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. இவ்வாறு தனித்தனியே வண்ணம் பெற்ற பாவு நூலும் ஊடை நூலும் தறியில் ஒன்றுசேரும்போதே உரு வெளிப்படுகிறது. நூல் மயிரிழை நகர்வதால் உருவின் ஓரம் சற்றே கலைந்து தோன்றும். அதுவே இக்கத்தின் முத்திரை. ஊடை நூலை முளைகளின்மீது சுற்றும் ‘ஆசு’ வேலைக்காக ஒரு பெண் ஒரே சேலைக்குக் கையை ஆயிரக்கணக்கான முறை வீசவேண்டியிருந்தது. தாயின் கைவலியைக் கண்டு அவ்வேலைக்கு இயந்திரம் உருவாக்கிய சிந்தகிந்தி மல்லேசம் 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வளவு உழைப்பில் உருவாகும் சேலையின் தோற்றத்தை அச்சு இயந்திரம் விரைவில் துணிமீது பதித்துவிடுகிறது. கடைவிளக்கின் ஒளியில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது பழகாத கண்ணுக்கு அரிது. கைபேசித் திரையில் அது இன்னும் அரிது. அகர்லாஃப் கூறிய சந்தை இதுவே. அச்சுச் சேலையும் கைத்தறிச் சேலையும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றினால், விலை குறைந்தது வெல்லும். சேலையைக் கட்டிய நங்கையின் அழகிய படத்தை மட்டும் வெளியிடும் நெசவாளர், தமக்கு மிகவும் பாதகமான களத்தில் போட்டியிடுகிறார். ஏனெனில் அத்தகைய படத்தை அச்சுச் சேலை விற்பவரும் எடுக்க இயலும்.

அச்சுச் சேலைக்காரர் எளிதில் காட்ட இயலாதது ஒன்று உண்டு. அதுவே செய்முறை. நூலைக் கட்டும் விரல்கள், சாயத்தொட்டியிலிருந்து எழும் நூற்கற்றை, கட்டவிழ்க்கையில் வெளிப்படும் வெண்மை, தறியில் உரு வந்து அமையும் கணம் ஆகியவற்றை ஒரு நிமிடக் காட்சியாக எடுத்து வெளியிட்டால், அது விளம்பரமாகவும் சான்றாகவும் ஒருங்கே அமைகிறது. எட்டாயிரம் ரூபாய் ஏன் என்ற வினாவுக்கு அதைவிடச் சிறந்த விடை வேறில்லை. சேலையின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டுவதும் பயனுள்ளது. உண்மையான இக்கத்தில் நூலே வண்ணம் பெற்றிருப்பதால் இருபுறமும் உரு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். மேற்பரப்பில் அச்சிட்ட துணியில் பின்புறம் பொதுவாக மங்கியிருக்கும். கைத்தறி முத்திரை 2006-இலும், இந்தியக் கைத்தறி வணிக முத்திரை 2015-இலும் ஏற்படுத்தப்பட்டன. இவற்றின் சின்னங்களைப் பெற்றவர்கள், அச்சீட்டு தெளிவாகத் தெரியும்படி காட்சியில் சேர்ப்பதும் நலம்.

இந்த உண்மை சேலைக்கு மட்டும் உரியதன்று. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் மரப்பொம்மைமீது அரக்கு ஏறும் விதமும், குஜராத்தின் கச்சுப் பகுதியில் அஜ்ரக் துணியில் அச்சுக்கட்டை பதியும் விதமும் இவ்வகையினவே. கைத்தொழிலில் செய்முறையே சிறந்த விளம்பரம் என்பது பொது விதியாகக் கொள்ளத்தக்கது.

வரவு செலவுக் கணக்கு

சமூக ஊடக விளம்பரம் இலவசம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கணக்குத் தொடங்குவதற்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பதிவிடப்படும் ஒவ்வொன்றும் பின்தொடர்வோர் அனைவருக்கும் காட்டப்படுவதில்லை. எதை யாருக்குக் காட்டுவது என்பதை ஊடக நிறுவனத்தின் கணினி நிரல் தீர்மானிக்கிறது. மேலும் பலருக்குக் காட்ட வேண்டுமானால் பணம் செலுத்த வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று தொகை குறித்து, எந்த ஊர், எந்த வயது, எத்தகைய நாட்டமுடையோர் என்று தெரிந்தெடுத்தால், விளம்பர இடங்கள் ஏல முறையில் ஒதுக்கப்படுகின்றன. தீபாவளி போன்ற பண்டிகைக் காலத்தில் பெரு நிறுவனங்களும் அதே ஏலத்தில் போட்டியிடுவதால் செலவு உயர்வது இயல்பு. கைபேசி முன் கழியும் நேரமும் தறியிலிருந்து எடுக்கப்பட்ட நேரமே.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்ளலாம். இரண்டு தறிகள் உள்ள ஒரு நெசவுக் குடும்பம் மாதத்துக்கு 8 சேலைகள் நெய்கிறது. சேலையின் விலை 8,000 ரூபாய். நூல், சாயம், கூலி, கட்டுமானம், அஞ்சல் ஆகியவற்றுக்குச் சேலை ஒன்றுக்கு 6,800 ரூபாய் ஆகிறது. மிச்சம் 1,200 ரூபாய். விளம்பரத்துக்கு மாதம் 6,000 ரூபாய் செலவிட்டால், அச்செலவை ஈடுசெய்யவே 5 சேலைகள் விற்கவேண்டும். எட்டும் விற்றால் நிகர மிச்சம் 3,600 ரூபாய்.

இப்போது, வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காக 10 விழுக்காடு தள்ளுபடி அறிவிக்கப்படுவதாகக் கொள்வோம். விலை 7,200 ரூபாயாகக் குறைகிறது. விலையில் பத்தில் ஒரு பங்கே குறைந்துள்ளது. ஆனால் மிச்சம் 1,200 ரூபாயிலிருந்து 400 ரூபாயாக, அதாவது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. விளம்பரச் செலவை மீட்க 15 சேலைகள் விற்றாகவேண்டும். குடும்பம் நெய்யக்கூடியது எட்டே சேலைகள். எனவே அனைத்தும் விற்றுத் தீர்ந்தாலும் 2,800 ரூபாய் நட்டம் உறுதி. பதிவுக்கு வந்த பாராட்டுகள் எத்தனை ஆயிரமாயினும் இக்கணக்கு மாறாது.

இந்நட்டம் பல குடும்பங்களில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே வருந்தத்தக்கது. வீட்டார் உழைப்புக்குக் கூலி எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மேற்கண்ட அடக்கத்தில் 3,000 ரூபாய் கூலி எனக் கொண்டு, அதை எழுதாமல் விட்டால், தள்ளுபடி மாதத்தின் முடிவில் கையில் 21,200 ரூபாய் எஞ்சியதாகத் தோன்றும். ஆனால் எட்டுச் சேலைகளுக்குரிய கூலி 24,000 ரூபாய். மனைவியும் முதிய தாயும் குறைந்த கூலிக்கு உழைத்ததே அங்கு ‘இலாபம்’ எனக் காட்சியளிக்கிறது. விளம்பரத்தின் வெற்றியை அளக்குமுன் உழைப்பின் விலையை ஏட்டில் எழுதுவது முதற்கடமையாகும்.

விளம்பரம் இல்லாவிடினும் விற்றிருக்கக்கூடிய சேலைகளை விளம்பரத்தால் விற்றவையாகக் கணக்கிடுவது மற்றொரு பிழை. ‘எங்கள் பொருளைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்று வாங்குவோர் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வைப்பது இதற்கு எளிய பரிகாரம். இதற்குக் கணினி தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றே போதுமானது.

இக்கணக்கிலிருந்து தள்ளுபடியே கூடாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தேங்கிய சரக்கைப் பணமாக்கவும், தறி ஓயும் காலத்தில் வேலை தரவும் அது உதவலாம். ஆனால் இயந்திர உற்பத்தியாளருக்குப் பொருந்தும் உத்தி கைத்தொழிலாளருக்குப் பொருந்தாது. முன்னவர் எண்ணிக்கையைப் பெருக்கி விலைக்குறைவை ஈடுசெய்ய இயலும். பின்னவரின் எண்ணிக்கையைத் தறி தீர்மானிக்கிறது. இவருக்கு ஏற்ற சலுகை விலையைக் குறைப்பதன்று. பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பாவின் வண்ணத்தை முன்கூட்டியே தெரிவு செய்யும் வாய்ப்புத் தருவது, முன்பணம் செலுத்துவோருக்கு அஞ்சல் செலவை ஏற்பது, மிஞ்சிய துணியில் தைத்த சிறு பையை உடன் அனுப்புவது போன்றவையே.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

திடீரெனப் பெருகும் புகழைத் தாங்கும் வலிமை எல்லாச் சிறு தொழில்களுக்கும் இருப்பதில்லை. கொரோனாத் தொற்றால் வணிகம் நலிந்திருந்த 2020 அக்டோபரில், தெற்குத் தில்லியில் சாலையோர உணவுக்கடை நடத்திய முதிய தம்பதியரின் துயரைக் காட்டும் காணொளி சமூக ஊடகங்களில் நாடெங்கும் பரவிற்று. மறுநாளே கடைமுன் நீண்ட வரிசை நின்றது. நன்கொடைகளும் வந்து குவிந்தன. அவ்வாண்டு இறுதியில் அவர்கள் ஓர் உணவகத்தையே திறந்தனர். கூட்டம் நிலைக்கவில்லை. வாடகை, ஆள் கூலி ஆகியவற்றுக்கு ஈடான வரவு இல்லாமல் 2021-இல் உணவகம் மூடப்பட்டது. தம்பதியர் பழைய சாலையோரக் கடைக்கே திரும்பினர்.

மக்களின் இரக்கத்தைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அத்தம்பதியர்க்கு அது உற்ற நேரத்தில் உதவிற்று. ஆயினும் பொருளாதாரப் பாடம் தெளிவானது. ஒருமுறை வரும் கூட்டத்தை நிலையான தேவை என்று கொண்டு நிலையான செலவுகளை மேற்கொள்வது ஆபத்தானது. வாடகையும் சம்பளமும் மாதந்தோறும் வரும். பரபரப்பு மாதந்தோறும் வாராது.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. எட்டுச் சேலை நெய்யும் குடும்பத்துக்கு எண்பது பேரிடமிருந்து முன்பணம் வந்தால், தாமதமும் ஏமாற்றமும் உண்டாகும். அல்லது வெளியிலிருந்து மட்டமான சரக்கை வாங்கி அனுப்பும் ஆசை தோன்றும். எவ்வழியாயினும் பெயர் கெடும். எனவே விளம்பரத்தின் அளவு உற்பத்தியின் அளவை மீறாதிருக்க வேண்டும். ‘இம்மாதத்துக்கு எட்டே சேலைகள், அடுத்த பாவு இன்ன நாளில்’ என்று உண்மையை உள்ளபடி அறிவிப்பது பலவீனமன்று, கைத்தொழிலின் அருமையை உணர்த்தும் அறிவிப்பாகவே வாங்குவோர் அதை ஏற்பர்.

வாடிக்கை என்பது மீண்டும் வருவது. முன்னர்க் கூறிய குடும்பத்திடம் முழு விலையில் வாங்கிய எண்மரில் மூவர் அடுத்த ஆண்டு மீண்டும் வாங்கினால், விளம்பரச் செலவின்றியே 3,600 ரூபாய் மிஞ்சுகிறது. அது விளம்பரம் செய்த மாதம் முழுவதும் கிடைத்த நிகர மிச்சத்துக்குச் சமம். அம்மூவரை மீண்டும் வரச்செய்வன எளிய செயல்களே: விலையை மறைக்காமல் பதிவிலேயே குறிப்பிடுவது, கேட்ட வினாவுக்கு அன்றே விடை தருவது, திரையில் தோன்றும் நிறம் சற்று மாறுபடலாம் என்று முன்கூட்டியே சொல்வது, குறை கூறினால் மாற்றித் தருவது. ‘விலை அறியத் தனிச்செய்தி அனுப்புக’ என்று எழுதும் வழக்கம் வாங்குவோரின் தேடும் சிரமத்தை மீண்டும் கூட்டுகிறது. விளம்பரத்தின் முதற்பயனையே அது கெடுத்துவிடுகிறது.

இரவல் நிலத்தில் கடை

சமூக ஊடகக் கணக்கு பிறர் நிலத்தில் போட்ட கடையை ஒத்தது. நிலத்தின் உரிமையாளர் விதிகளை மாற்றலாம். வாயிலை மூடவும் கூடும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை நாட்டுப் பாதுகாப்புக் கருதி அரசு தடை செய்தது. தடைக்கு உரிய காரணங்கள் இருந்தன. எனினும் அச்செயலியை மட்டுமே நம்பித் தம் பொருளை அறிமுகம் செய்துவந்தோர் தம்மைப் பின்தொடர்ந்தோரை ஒரே நாளில் இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் தொழில்நுட்பக் கோளாற்றால் உலகெங்கும் பல மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஊடகத்தைத் துறப்பது அன்று. வாடிக்கையாளர் பட்டியலைத் தம் கையில் வைத்திருப்பதே. வாங்கியவரின் பெயர், ஊர், தொடர்பு எண், வாங்கிய பொருள், விரும்பிய வண்ணம் ஆகியவற்றை அவரவர் இசைவுடன் ஓர் ஏட்டில் பதிவது நல்லது. இசைவு என்பது மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை அவர்கள் இசைந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியுள்ளது. கேளாதவருக்கு நாள்தோறும் செய்தி அனுப்புவது சட்டப்படியும் தவறு; வணிகத்துக்கும் கேடு.

பணம் பெறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பணம் அனுப்பியதாகப் போலிப் படத்தைக் காட்டிப் பொருளைப் பெறுவோர் உள்ளனர். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடுமாறு கூறி ஏமாற்றுவோரும் உள்ளனர். யூபிஐ முறையில் பணம் செலுத்தவே இரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை என்ற ஒரே செய்தியைப் பயிற்சி வகுப்புகளில் அழுத்தமாகச் சொன்னால் பலரின் சேமிப்புக் காக்கப்படும். ஏமாற்றப்பட்டோர் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சட்டம் வகுக்கும் எல்லை

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிகள், போதிய கையிருப்பின்றி ஆசை காட்டி அழைக்கும் தூண்டில் விளம்பரங்களுக்கும், ‘இலவசம்’ என்ற பெயரில் செலவை மறைக்கும் விளம்பரங்களுக்கும் வரம்பு விதித்துள்ளன. புகழ்பெற்றவர்கள் ஊதியமோ பரிசுப் பொருளோ பெற்றுக்கொண்டு சமூக ஊடகத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், அந்தத் தொடர்பை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் அரசு விளக்கம் வெளியிட்டது.

சிறு வணிகர் பலர் இவை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை என எண்ணுகின்றனர். அவ்வாறு விலக்கு ஏதும் இல்லை. ஒரு சேலையை இலவசமாகப் பெற்றுப் புகழ்ந்து பேசும் உள்ளூர்ப் பிரமுகருக்கும் இவ்விதி பொருந்தும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பது வாங்குபவரை மட்டுமின்றி நெசவாளரையும் வஞ்சிப்பதாகும். விலை கொடுத்துப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பெருக்குவதும், உறவினரைக் கொண்டு போலிப் பாராட்டு எழுதச் செய்வதும் குறுக்கு வழிகளே. மாநிலம் கடந்து விற்கத் தொடங்குவோர் ஜிஎஸ்டி பதிவு பற்றிய விதிகளை முன்னதாகவே அறிந்துகொள்வது பின்னர் வரும் இடர்களைத் தவிர்க்கும்.

பயன் யாருக்கு?

கைத்தறித் துறையில் பலர் தம் சொந்தச் சரக்கை நெய்வதில்லை. முதலாளி நெசவாளரிடம் நூலும் உருவமைப்பும் பெற்று, கூலிக்கு நெய்து தருகின்றனர். இந்நிலையில் சமூக ஊடகம் விற்பனையைப் பெருக்கினாலும், கணக்கு எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே பயன் சேரும். காட்சியில் தெரிவது நூல் கட்டும் பெண்ணின் விரல்கள். கேட்கும் குரலும் பெறும் பணமும் வேறொருவருடையவை. இடைத்தரகரை நீக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட கருவி, கைபேசியும் மொழித்திறனும் உள்ள புதிய இடைத்தரகரை உருவாக்கிவிடக்கூடும்.

இதற்குக் கூட்டுறவே தகுந்த மாற்றாகும். தனித்தனியே ஐம்பது நெசவாளர் ஐம்பது கணக்குத் தொடங்கி ஒருவரோடொருவர் விலையில் போட்டியிடுவதைவிட, சங்கம் ஒரே கணக்கை நடத்துவது சிக்கனமானது. படமெடுக்கவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விடை எழுதவும் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ சங்கம் அமர்த்தலாம். ஒவ்வொரு சேலையுடனும் நெய்தவரின் பெயர் வெளியிடப்படல் வேண்டும். எட்டுச் சேலை என்ற வரம்பும் அப்போது தளர்கிறது. ஒருவர் தறியில் இல்லாதது மற்றவர் தறியில் இருக்கும். விளம்பரச் செலவு பலர்மீது பகிரப்படுவதால் சேலை ஒன்றுக்கான சுமை குறையும். கூடுதல் விலையில் எவ்வளவு பங்கு நெய்தவருக்கும் துணைவேலை செய்தவருக்கும் சேரும் என்பதைச் சங்கம் முன்கூட்டியே தீர்மானித்து அறிவிக்க வேண்டும். 1955-இல் கூறப்பட்ட கூட்டுறவு நெறி, கருவி மாறிய இக்காலத்திலும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

அலுவலர் செய்யத்தக்கது

சிறு தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பான அலுவலர்கள் சமூக ஊடகப் பயிற்சி முகாம்கள் பல நடத்துகின்றனர். எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை கணக்குகள் தொடங்கப்பட்டன என்ற விவரங்கள் அறிக்கைகளை நிரப்புகின்றன. இவை முயற்சியின் அளவுகளே அன்றிப் பயனின் அளவுகள் அல்ல. பயிற்சிக்கு ஓராண்டுக்குப் பின் மூன்று வினாக்களுக்கு விடை திரட்டினால் உண்மை நிலை புலப்படும். நெய்தவர் கைக்குச் சேலை ஒன்றுக்குக் கிடைப்பது உயர்ந்துள்ளதா? வாங்கியோரில் எத்தனை பேர் மீண்டும் வாங்கினர்? விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் செலவிட்டது போக மிஞ்சியது எவ்வளவு? இம்மூன்றும் எழுதப்படாத ஏட்டில் பத்தாயிரம் பின்தொடர்வோர் இருந்தும் பயனில்லை.

பயிற்சியின் முறையும் மாறவேண்டும். படமெடுப்பதைக் கற்பிப்பதற்குமுன் அடக்க விலை கணக்கிடுவதைக் கற்பிக்க வேண்டும். கணக்குத் தொடங்குவதற்குமுன் மாதம் எத்தனை பொருள் தர இயலும் என்பதை எழுதச் செய்ய வேண்டும். முதல் விளம்பரத்துக்குச் சிறு தொகையே ஒதுக்கி, அதனால் வந்த விற்பனையை நோட்டில் குறித்து, கட்டுபடியானால் மட்டுமே செலவை உயர்த்துமாறு அறிவுறுத்த வேண்டும். கடன் வாங்கி விளம்பரம் செய்வதை எந்நிலையிலும் ஊக்குவித்தல் ஆகாது. தறியை வைத்துப் பெற்ற நடைமுறை மூலதனம் நூலுக்குரியது. அதை விளம்பரத்தில் கரைத்துவிட்டால், தேவை வரும்போது தறியில் பாவு இராது.

வாரச் சந்தையில் பானை விற்ற குயவருக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. வாங்கியவர் அவர் முகத்தை அறிந்திருந்தார் என்பதே காரணம். விரிந்த சந்தை அந்த அறிமுகத்தைப் பிரித்தது. பொம்மை செய்பவரின் கைகளையும் நெசவாளரின் முகத்தையும் நாட்டின் மறுகோடியில் உள்ளவருக்கு மீண்டும் அறிமுகம் செய்யும் வாய்ப்பைச் சமூக ஊடகம் தந்துள்ளது. அறிமுகம் செய்வதோடு அதன் பணி முடிகிறது. அதன்பின் பேசவேண்டியது, சொன்ன நாளில் சொன்ன தரத்தில் வந்து சேரும் பொருளேயாகும். கசிந்த பானைக்குக் குயவர் பொறுப்பேற்றதைப் போலத் தம் பொருளுக்குப் பொறுப்பேற்கும் சிறு உற்பத்தியாளருக்கு இக்கருவி துணை நிற்கும். கணக்கின்றிக் கூட்டத்தை மட்டும் நாடுவோருக்கு அது மற்றொரு செலவாகவே முடியும்.